கை தூக்குகிறவர்களும் கதைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு கிழமைகளுக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், இஸ்ரேல் பாராளுமன்ற உறுப்பினர்களும் பலஸ்தீன உறுப்பினர்களும் ஐரோப்பிய நகரங்களில் கூடிக் கூடிக் கதைத்து என்ன கண்டார்கள் என்று கேட்டிருந்தார். விமானச் சீட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் காசு போனதுதான் மிச்சம், அமெரிக்க ஜனாதிபதி ஒரு தொலைபேசி எடுத்தால் முடிகிற காரியத்துக்கு இத்தனை மாநாடு எதற்கு என்றும் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. காஸாவின் படங்களைப் பார்த்த எவருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனாலும் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கூட்டங்களுக்குக் கதிரை போடுகிற ஆட்களில் நானும் ஒருத்தி.

1989ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து இங்கே, சுவிற்சர்லாந்துக்கு வந்தேன். அப்போது எனக்கு 22 வயது. முதலில் வயோதிபர் இல்லத்தில் வேலை, பிறகு ஓர் உணவகத்தின் சமையலறை. ஜெனீவாவின் மாநாட்டு மண்டபங்களில் வேலைக்குச் சேர்ந்து இப்போது 24 ஆண்டுகள். கூட்டம் தொடங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே போய்விடுவோம். தந்த வரைபடத்தின்படி மேசைகளை இழுத்துச் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல், குவளை, வெள்ளைத்தாள், பேனை வைக்க வேண்டும். காதுக்கருவி ஒவ்வொன்றையும் காதில் வைத்து, எந்த இலக்கத்தில் எந்த மொழி வருகிறதென்று பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் நாடுகளின் பெயர்ப்பலகைகள்.

பெரிய மண்டபத்தில் பலகை வைப்பது சுலபம். அகரவரிசைதான். இஸ்ரேலுக்கும் பலஸ்தீனத்துக்கும் நடுவில் இத்தாலி, யப்பான், ஜோர்தான் என்று தொடங்கி பாகிஸ்தான் வரை உலகமே உட்கார்ந்திருக்கும். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சிக்கல் சிறிய அறைகளில்தான். ஒருமுறை நான் வைத்த பலகையை ஒரு தரப்பின் உதவியாளர் வந்து இரண்டு கதிரை தள்ளி வைத்தார். பத்து நிமிடத்தில் மற்றத் தரப்பின் உதவியாளர் வந்து பழைய இடத்திலேயே வைத்தார். திரும்பவும் முதலாமவர் வந்தார். கடைசியில் கூட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு எல்லாப் பலகைகளையும் எடுத்துவிடச் சொன்னார். அன்று பெயர் இல்லாத மேசையைச் சுற்றித்தான் எல்லோரும் இருந்தார்கள்.

அது மத்திய கிழக்குப் பற்றிய ஒரு சிறிய கூட்டம். எந்த ஆண்டு என்று எழுதமாட்டேன், வந்தவர்கள் யாரென்று எவரும் தேடிப் பிடிக்கக்கூடாது. காலையில் இரண்டு தரப்பும் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தன. பலஸ்தீனர் வாசிக்கும்போது இஸ்ரேலியர் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு பலஸ்தீனரும் அதையே செய்தார். இது எங்களுக்கு உடனே தெரியும், கழற்றி வைத்த கருவியிலிருந்து உரைபெயர்ப்பாளரின் குரல் மெல்லியதாகக் கசிந்துகொண்டிருக்கும். உங்கள் வாசகர் அந்த நேரத்தில் அறைக்குள் வந்திருந்தால், தான் எழுதியது முழுக்கச் சரி என்றுதான் திரும்பிப் போயிருப்பார்.

கோப்பி இடைவேளைக்கு 15 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அது 45 நிமிடமாகிவிட்டது. காலையில் கருவியைக் கழற்றிய அதே இருவரும் யன்னல் ஓரத்தில் நின்று, உரைபெயர்ப்பாளர் இல்லாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஓர் உரைபெயர்ப்பாளரிடம் கேட்டேன். ஹீப்ரு என்றார். பலஸ்தீனர் இஸ்ரேல் சிறையில் பல ஆண்டுகள் இருந்தவராம், அங்கேதான் படித்திருக்கிறார். என்ன கதைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்வது அவருடைய தொழிலுக்குத் தகாது, நானும் கேட்கவில்லை. ஆனால் சூடு ஆறிப்போன கோப்பிக் குவளைகளை நான்தான் எடுத்தேன். இரண்டும் நிரம்பியபடியே இருந்தன. பின்னேரக் கூட்டத்தில் இருவரும் காதுக்கருவியைக் கழற்றவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மாதம் அங்கே சமாதானம் வந்துவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சில் எனக்குப் பிடிபடாத இடங்களை மகள் விளக்குவாள்.

அப்படி வாசித்ததில் என்னை மிகவும் உலுக்கியது அடுத்தடுத்து வந்த இரண்டு திகதிகள். அவற்றுக்கு முன் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்டில் கெனெசெட், அதாவது இஸ்ரேல் பாராளுமன்றம், ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் ஆட்களைச் சந்தித்தாலே ஓர் இஸ்ரேலியருக்கு அது குற்றம். கடலில் கப்பலை நிறுத்தி சமாதான வானொலி நடத்திய ஏபி நாதன், அந்த இயக்கத்தின் தலைவர் அரபாத்தைச் சந்தித்ததற்காகச் சிறைக்குப் போனார். மற்றப் பக்கத்திலும் கதைத்தவர்கள் தப்பவில்லை. இஸ்ரேலியரோடு உறவு வைத்திருந்த பலஸ்தீனத் தலைவர் இசாம் சர்தாவியை 1983 ஏப்ரலில் போர்த்துக்கலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் பலஸ்தீனத் தீவிரக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள்.

அந்தச் சட்டத்தை 1993 ஜனவரி 19ஆம் திகதி கெனெசெட் நீக்கியது. அடுத்த நாள், ஜனவரி 20, நோர்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் யாயிர் ஹிர்ஷ்பெல்ட், ரொன் புண்டாக் என்ற இரண்டு இஸ்ரேலியக் கல்விமான்கள் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அகமட் குரேயோடு மேசையில் அமர்ந்தார்கள். இஸ்ரேலும் பலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த ஒஸ்லோ உடன்படிக்கை தொடங்கியது அங்கேதான். செப்டெம்பரில் வெள்ளை மாளிகைப் புல்தரையில் கிளின்ரன் நடுவில் நிற்க இஸ்ரேல் பிரதமர் ரபீனும் அரபாத்தும் கைகுலுக்கிய படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் வாசகர் அந்தப் படத்தை நம்புகிறார். அதற்கு எட்டு மாதம் முந்தி, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரு சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கதைப்பது குற்றம் என்ற நிலையை மாற்றியது ஜனாதிபதிகளின் தொலைபேசி இல்லை, அவர் பரிகசிக்கிற அந்த உறுப்பினர்களின் வாக்கு.

இன்னொன்று, வாக்குகளின் எண்ணிக்கை. 1977 நவம்பர் 20இல் எகிப்து ஜனாதிபதி சதாத் ஜெருசலேமுக்குப் போய் கெனெசெட்டில் நின்று பேசினார். எனக்குப் பத்து வயது. அப்பா வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்ததும், எங்களைச் சத்தம் போட வேண்டாம் என்றதும் நினைவிருக்கிறது. அது பெரிய விசயம் என்பது மட்டும்தான் அப்போது விளங்கியது. சதாத், இஸ்ரேல் பிரதமர் பெகினோடு அறைக்குள் கதைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் 120 உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார், யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் எகிப்தும் இஸ்ரேலும் செய்த காம்ப் டேவிட் உடன்பாடு அதே சபைக்கு வந்தபோது 84 பேர் ஆதரித்தார்கள், 19 பேர் எதிர்த்தார்கள், 17 பேர் வாக்களிக்கவில்லை. அந்த உடன்பாட்டுக்காக, எகிப்திடமிருந்து பிடித்த சினாயில் இஸ்ரேல் அமைத்திருந்த குடியேற்றங்களை இடிக்கவேண்டி வந்தது. ஆனாலும் எகிப்தோடான சமாதானம் இன்றைக்கும் நிற்கிறது. சதாத்தின் பேச்சு மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். எகிப்து பெரிய நாடு, பெரிய இராணுவம், அமெரிக்கப் பணமும் இருந்தது. ஆனாலும் 84 என்ற எண்ணை மறந்துவிட வேண்டாம்.

ஒஸ்லோ உடன்படிக்கை 1993 செப்டெம்பர் 23இல் கெனெசெட்டுக்கு வந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 50. இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கை 1995 ஒக்டோபரில் வந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 59. வேறு கட்சியிலிருந்து பிரிந்து வந்த இரண்டு பேரின் வாக்கு இல்லாவிட்டால் அது தோற்றிருக்கும். 61 பேரில் அரபு வாக்காளர் தெரிவுசெய்தவர்களும் இருந்ததால், இது யூதப் பெரும்பான்மை இல்லாத உடன்படிக்கை என்று எதிரணியினர் தெருவில் கத்தினார்கள். வாக்கெடுப்பு நடந்த அதே இரவு ஜெருசலேமின் சீயோன் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தில் ரபீனுக்கு நாஜி உடை போட்ட படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 4ஆம் திகதி ரபீனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

நோர்வேயில் கொஞ்சப் பேர் எட்டு மாதம் இரகசியமாகக் கதைத்தார்கள். இரகசியம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு முதல் கிழமையிலேயே கெட்டுப் போயிருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளை ஊருக்குக் கொண்டுபோய், சந்தையிலும் கோயில் வாசலிலும் விளக்க வேண்டியவர்கள் யார்? கையைத் தூக்கிவிட்டு அடுத்த தேர்தலில் அந்தக் கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பக்கத்து மனிதர் ஒருவரோடு ஒரு கோப்பி குடித்த பழக்கம்கூட இருக்கவில்லை. கதைப்பதே குற்றமாக ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, எட்டு மாதத்தில் வாக்களி என்றால் 61தான் வரும்.

இது தெரிந்துதானோ என்னவோ, பிறகு சிலர் முயன்றார்கள். 1996 ஜனவரியில் பலஸ்தீன மக்கள் முதன்முறையாகத் தங்கள் சட்டசபைக்கு 88 பேரைத் தெரிவுசெய்தார்கள். நோர்வேயில் மேசையில் இருந்த அதே அகமட் குரேதான் சபாநாயகர். 1999இல் அவர் கெனெசெட்டுக்கு வந்தார், சபாநாயகர் அவ்ரஹாம் பேர்க் அவரை வரவேற்றார். 2000 செப்டெம்பர் 5ஆம் திகதி இரண்டு சபாநாயகர்களும் ஸ்ட்ராஸ்பேர்க் போய் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். அமெரிக்காவின் காம்ப் டேவிட்டில் இஸ்ரேல் பிரதமர் பராக்கும் அரபாத்தும் உடன்பாடில்லாமல் கலைந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. தலைவர்களின் பேச்சு முறிந்த பிறகும் சபாநாயகர்களின் பேச்சு முறியவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த மாதம் 28ஆம் திகதி இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் ஆரியல் ஷரோன் ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசல் வளாகத்துக்குப் போனார், பலஸ்தீனரின் எழுச்சியான இரண்டாவது இன்திபாதா வெடித்தது. 2002இல் மேற்குக் கரையிலுள்ள ரமல்லாவுக்கு வந்து எங்கள் சபையில் பேசுங்கள் என்று குரே பேர்க்கை அழைத்தார். கெனெசெட்டில் பெரும் எதிர்ப்பு. பயணம் நடக்கவேயில்லை.

நடக்காத அந்தப் பேச்சைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. குரே 2023 பெப்ரவரியில் காலமாகிவிட்டார்.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். கதைப்பதற்கு ஒரு பக்கத்தில் மட்டும் பாராளுமன்றம் இருந்தால் போதாது, மற்றப் பக்கத்திலும் இருக்க வேண்டும். பலஸ்தீனச் சட்டசபை நல்லபடியாக ஒரே கூரைக்குக் கீழே கூடுவது எப்போதும் கஷ்டமாகவே இருந்தது. காஸா உறுப்பினர் ரமல்லாவுக்குப் போக இஸ்ரேலின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காதபோது காஸாவில் பாதிப் பேர், ரமல்லாவில் பாதிப் பேர் இருந்து, நடுவில் திரை வைத்து வீடியோவில் சபை நடத்தினார்கள். நாங்கள் கொரோனா காலத்தில் பழகியதை அவர்கள் இருபது வருடத்துக்கு முன்பே பழகிவிட்டார்கள். ஜெருசலேமின் விளிம்பில் அபு டிஸ் என்ற ஊரில் ஒரு பாராளுமன்றக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். அது முடிக்கப்படாமலே நின்றுபோனது. பிறகு இஸ்ரேல் கட்டிய மதில் அதன் ஓரமாகவே வந்தது.

2006 ஜனவரி 25இல் இரண்டாவது தேர்தல். 132 இடங்களில் ஹமாஸ் 74, அரபாத் தொடங்கிய பத்தா கட்சி 45. ஹமாஸ் இஸ்ரேலை ஏற்றுக்கொள்ளாத இயக்கம், குண்டுகளால் பொதுமக்களைக் கொன்ற இயக்கம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாக்குப் போட்டது சனங்கள். ஜூனில் இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவர் கடத்தப்பட்ட பிறகு உறுப்பினர்களை டசின்கணக்கில் இஸ்ரேல் கைது செய்தது, ஓகஸ்டில் சபாநாயகர் அசீஸ் துவைக்கும் கைதானார். சபை கூடவேண்டிய ஆட்கள் சிறையில். 2007 ஜூனில் ஹமாஸ் ஆயுதத்தால் காஸாவைப் பிடித்தது, அதோடு சபையும் முடங்கியது. 2018 டிசம்பரில் பலஸ்தீன அரசியலமைப்பு நீதிமன்றம் அதைக் கலைத்தது. 2021 மே 22இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் விடவில்லை என்று சொல்லி ஜனாதிபதி அப்பாஸ் அதைத் தள்ளிவைத்தார், தள்ளிவைத்ததுதான். 2023 ஒக்டோபர் 7இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது, 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. நவம்பரில் இஸ்ரேலியப் படையினர் காஸாவில் சட்டசபை மண்டபத்துக்குள் கொடியோடு நின்று படம் எடுத்தார்கள், சில நாட்களில் அந்தக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தப் படத்தில் உறுப்பினர்களின் வரிசையான கதிரைகளைப் பார்த்தேன். என் தொழில் அது, என் கண் முதலில் கதிரையில்தான் போகும்.

இதற்குப் பிறகு காஸா சுகாதார அமைச்சின் கணக்கில் 70,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். 2025 ஒக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது, நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை, காஸாவுக்கான டிரம்பின் திட்டத்தை ஏற்று 2803ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் திட்டத்தில் சமாதானச் சபை இருக்கிறது, சர்வதேசப் படை இருக்கிறது, அரசியல் சாராத பலஸ்தீன நிபுணர் குழு இருக்கிறது. பலஸ்தீனர் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவருக்கு அதில் இடமில்லை. எழுத்தில் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

இஸ்ரேல் பக்கத்துப் பாராளுமன்றம் மட்டும் என்ன செய்கிறது என்று உங்கள் வாசகர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 2024 ஜூலையில் பலஸ்தீன அரசு அமைவதை எதிர்த்து கெனெசெட் 68க்கு 9 என்று தீர்மானம் போட்டது. 2025 ஒக்டோபர் 13இல் டிரம்ப் அங்கே பேசியபோது, பலஸ்தீனத்தை அங்கீகரியுங்கள் என்று எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்த அய்மன் ஓடே, ஓஃபர் கசீப் என்ற இரண்டு உறுப்பினர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். இதே கெனெசெட் கட்டடத்தில்தான் 2013 ஜூலையில் ஒரு பலஸ்தீனக் குழு வந்து உறுப்பினர்களோடு அமர்ந்தது, மேசையருகே பலஸ்தீனக் கொடியும் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு தூரம் பின்னுக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்த 68 பேரை விட்டுவிட்டு வேறு யாரோடு கதைப்பது? நாளைக்கு ஓர் உடன்படிக்கை வந்தால் அது அந்தச் சபைக்குத்தான் போகும். 9 பேரோடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால் மனதுக்கு ஆறுதல், வேறொன்றும் இல்லை.

பலஸ்தீனர்களில் பலர் இந்தச் சந்திப்புகளையே வேண்டாம் என்கிறார்கள். சோதனைச்சாவடியில் என்னை நிறுத்துகிற அரசின் ஆளோடு ஜெனீவாவில் சிரித்துப் படமெடுத்தால், ஊரில் நடக்கிற நிலப்பறிப்புக்கு அது திரை போடும் என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம், நான் அதை ஒதுக்கவில்லை. மேசையில் கதிரைகளை ஒரே உயரத்தில் வைக்க என்னால் முடியும். மேசைக்கு வெளியே ஒருவர் நினைத்த நேரம் விமானம் ஏறுகிறார், மற்றவர் ஜோர்தான் எல்லைப் பாலத்தில் காத்துக் கிடந்து வருகிறார். அதனால்தான் இந்தக் கூட்டங்களில் படம் எடுப்பதைவிடக் கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியம் என்கிறேன். வராமல் போன உறுப்பினர் ஏன் வரவில்லை? யார் சிறையில் இருக்கிறார்? இதைக் கேட்கிற வேலையை இங்கே ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஐ.பி.யு., அதாவது உலகப் பாராளுமன்றங்களின் ஒன்றியம், செய்துவருகிறது. 2002இல் கைதாகி ஐந்து ஆயுள் தண்டனை பெற்ற பலஸ்தீன உறுப்பினர் மர்வான் பர்கூதியின் வழக்கை ஆராய அது ஒரு சட்டத்தரணியை நியமித்தது. விசாரணை நீதியாக நடக்கவில்லை என்று அவர் அறிக்கை எழுதினார். இஸ்ரேலும் அந்த ஒன்றியத்தின் உறுப்பினர்தான்.

ஐ.பி.யு. 1889இல் தொடங்கியது. மத்திய கிழக்குக்கென்று 1987இலிருந்து அதில் ஒரு குழு இருக்கிறது. அது செய்தவற்றில் எனக்குப் பிடித்தது தண்ணீர் பற்றிய பேச்சு. 2016இல் முதல் தண்ணீர் வட்டமேசையை இங்கே சேர்ன் என்ற ஐரோப்பிய விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வைத்தார்கள். 18ஆம் இலக்க ட்ராமில் கடைசித் தரிப்பிடம் அது, என் மகள் அந்தப் பக்கத்தில்தான் வேலை செய்கிறாள். ஏன் அங்கே? யுத்தத்தில் ஒன்றையொன்று அழித்த ஐரோப்பிய நாடுகள் விஞ்ஞானத்துக்காகச் சேர்ந்து கட்டிய இடம் என்பதால். அதைப் பார்த்து ஜோர்தானில் செசமி என்று ஓர் ஆய்வுகூடம் கட்டி 2017 மே மாதம் திறந்தார்கள். இஸ்ரேல், பலஸ்தீனம், ஈரான் மூன்றும் அதில் உறுப்பினர்கள். எல்லையைப் பற்றியும் ஜெருசலேமைப் பற்றியும் கதைக்க வாய் திறந்தால் சண்டை வரும் ஆட்கள்கூட, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பதைக் கதைக்க முடியும். தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான், அது சின்னப் பேச்சு என்று யார் சொன்னாலும் ஏற்கமாட்டேன்.

2006 ஒக்டோபர் கடைசியில் எங்கள் பிரச்சினைக்காகவும் இந்த நகரத்தில் மேசை போட்டார்கள், இலங்கை அரசும் புலிகளும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையைத் திறப்பதில் இழுபட்டு, இரண்டு நாளில் அடுத்த திகதிகூடக் குறிக்காமல் எழும்பிப் போனார்கள். பிறகு நடந்ததை உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிரச்சினையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, ஒன்றில்லை. ஆனால் கதைத்து என்ன கண்டோம் என்ற கேள்வியை நம்மில் ஒருவர் கேட்கும்போது என்னால் சும்மா இருக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குண்டு விழுந்த செய்தியை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், போட வேண்டும். கெனெசெட்டில் எத்தனை பேர் எதற்குக் கை தூக்கினார்கள் என்பதையும், பலஸ்தீனத் தேர்தலுக்கு யார் திகதி சொல்கிறார்கள், யார் தள்ளிவைக்கிறார்கள் என்பதையும் உள்பக்கத்தில் ஒரு சிறிய கட்டத்திலாவது தொடர்ந்து போடுங்கள். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் உறுப்பினர்கள் ஐ.பி.யு. கூட்டங்களுக்கு வருகிறார்கள், அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பியதும், மத்திய கிழக்கு விடயம் வந்தபோது அறையில் இருந்தீர்களா, என்ன சொன்னீர்கள் என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்கட்டும்.

2008 ஒக்டோபரில் பலஸ்தீனம் ஐ.பி.யு.வின் முழு உறுப்பினரானது. அதுவரை பார்வையாளர் வரிசையில் இருந்தது. அன்று அந்தப் பெயர்ப்பலகையைப் பின்வரிசையிலிருந்து எடுத்து உறுப்பினர் வரிசையில் கொண்டுபோய் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்ததுதான் பலஸ்தீனரின் கடைசிப் பாராளுமன்றத் தேர்தல். அப்போது பிறந்த பிள்ளைக்கு இப்போது 20 வயது, அந்தப் பிள்ளை ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் வாக்குப் போட்டதில்லை. தன் ஊர்ச் சனத்திடம் புதிதாக வாக்குக் கேட்டு வென்ற ஒருவர் அந்தப் பலகைக்குப் பின்னால் வந்து இருக்கிற நாளில் நான் வேலையில் இருக்க விரும்புகிறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஜெனீவா.